மூன்று வினாடி

பங்சார் மேட்டில், ஜன்னலில்லாத அறை.
இரண்டு இயந்திரம், நடுவே ஒரு குமிழ்.
குளிருக்கு என் கணவரின் பழைய கம்பளிச் சட்டை.
ஆணியில் தொங்கிய தாளில் விதிகள்:
தொப்புள் கூடாது. அக்குள் கூடாது.
ஆண்களுக்குத் தோளைத் தாண்டி முடி கூடாது.
முத்தம் என்றால்
மூக்குகள் நெருங்கும்போதே
வேறெங்காவது போய்விட வேண்டும்.

போவதற்கு ஒரு ரயில் வைத்திருந்தேன்.
கிள்ளான் பக்கம் யாரோ எடுத்துப்போட்ட சரக்கு ரயில்,
பாமாயில் தொட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாய்.
எண்பத்தேழிலிருந்து தொண்ணூற்றாறு வரை
எத்தனை முத்தங்கள்மேல் அது ஏறிப் போனதோ.

வெட்டு என்று சொல்கிறேன், கத்தரி ஏதுமில்லை.
எங்கிருந்து, எதுவரை.
இரண்டே பொத்தான்.

வெளிநாட்டுப் பாட்டுகள் வியாழக்கிழமைப் பெட்டியில் வரும்.
கன்னத்தில் ஊக்கு குத்திய ஒருவன்,
பாத்டப்பில் பாலோடு ஒருத்தி,
கண்ணாடியை நாக்கால் துடைக்கும் இன்னொருத்தி.
என்சிக் ஷாருடின் கதவைச் சாத்திக்கொண்டு
முழுசாய் இரண்டு தடவை பார்ப்பார்.
மூன்றாம் தடவைதான் கோபம் வரும் அவருக்கு.

தொண்ணூற்று மூன்றில்
செந்தூல் பையன்கள் நாலுபேர்
சீட்டுப் பணத்தில் எடுத்த தமிழ்ப் பாட்டு வந்தது.
அடுக்குமாடி, உலரும் கைலிகள், இரவல் ஹோண்டா.
காவியும் வெள்ளையும் பட்டை அடித்த மதிலோரம்
குதிகால் செருப்போடு ஒருத்தி ஆடுகிறாள்.
ஞாயிறு முழுதாய்ப் போனது.
புதன்கிழமை பதினொரு கடிதம்.
கோயில் மதில், செருப்புக்கால், தமிழ்ப்பெண் மானம்.
ஒன்பது ஒரே கையெழுத்து.
மானத்துக்கு மூன்று சுழி போட்டிருந்தார்கள்.

மூன்று சுழி, மூன்று வினாடி.
அவள் இருந்த இடத்தில் பாமாயில் ரயிலை ஓட்டினேன்.

அவள் வந்தாள்.
சுங்கைவே தொழிற்சாலையின் நீலச் சட்டை,
இரவு வேலை முடித்த கண்.
குணவதி என்று பெயர் சொன்னாள், நான் கேட்காமலே.
‘மத்த எடத்துல எல்லாம் கூட்டத்துல நிக்கிறேங்கா.
அந்த மூணு செகண்டுலதான்
நான் மட்டும் தெரியறேன்.’
மேலிடத்து உத்தரவு என்றேன்.
மேலே என்சிக் ஷாருடினும்
ஒரு விரிசல்விட்ட கூரையும்தான் இருந்தன.

டேப்பில் தூசி படக்கூடாதென்று
அந்த அறைக்குள் நாங்கள் வெறுங்காலோடுதான் போவோம்.
வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தாள்.
‘இங்கயும் கழட்டணுமா?’ என்று சிரித்தாள்.
தன்னுடையதைக் கழற்றவில்லை.
உள்ளேயும் வரவில்லை.

இன்று எல்.ஆர்.டி.யில்
எதிரே இருந்த பையனின் கைப்பேசியிலிருந்து
அந்த மெட்டு கேட்டது.
பாட்டுப் பெயர் கேட்டு, என்னுடையதில் தேடினேன்.
யாரோ வீட்டில் பதிந்து வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை,
ஓரமெல்லாம் பனி விழுந்து,
முழுசாய்.

இரண்டு நிமிடம் பதினான்காவது வினாடி.
அது வருமுன்பே என் கட்டைவிரல்
திரையில் போய் அழுத்தி நின்றது.
இருபத்தேழு வருடமாய் வேலையில்லாத விரல்.

விட்டுவிட்டேன்.
அவள் வந்தாள்.
சுழலும்போது குதிகால் ஒன்று பிய்கிறது.
ஒற்றைக் காலில் தடுமாறி, மதிலைப் பிடித்துக்கொண்டு
படம் எடுப்பவனை ஏதோ திட்டுகிறாள்,
வாய்நிறையச் சிரிப்போடு.
அவ்வளவுதான்.

அவள் கை ஊன்றிய இடத்துக்குமேல்
சிறு இரும்புப் பலகை. மலாயில் எழுத்து.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தேன்:
தண்ணீர் வாரியம், நீரேற்று நிலையம், எண் ஆறு.

அன்று குமிழைத் திருகித் திருகி
நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன்.
காலைப் பார்த்தேன்.

பாசார் செனியில் இறங்க வேண்டும்.
கதவு திறந்து மூடியது.
திரும்ப, முதலிலிருந்து போட்டேன்.