ஆலோசனைக் குறிப்பு, திருத்தியது

அனுப்புநர்: பெல்சிட்டா, ஆலோசகர்.
பெறுநர்: பொறியாளர் சுயம்புலிங்கம்.

ஐயா,
நூறு வயதாகாத ஸ்டேஷனுக்கு எதற்குப் பாரம்பரியம் என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தீர்கள்.
பதில் எழுத மூன்று நாள் கன்னியாகுமரியில் இருந்தேன்.
அளவு நாடா, குடை, ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதல் நாள் சுவரை அளந்தேன்.
கூடத்தின் தென்மேற்கில் மேலே ஒரு வரிசைத் துவாரம்.
புறா இருக்கிறது, ஒட்டடை இருக்கிறது,
ஆனி பிறந்தால் காற்று அதன் வழியாகத்தான் நுழைந்து
டிக்கெட் வரிசையின் முதுகைத் துடைத்துவிட்டுப் போகிறது.
அங்கே கண்ணாடி பதிக்கச் சொல்கிறது உங்கள் வரைபடம்.
பதித்தால் பன்னிரண்டு ஏசி வேண்டும்.
கணக்கு இணைப்பில்.

இரண்டாம் நாள் சுவரை விட்டுவிட்டேன்.
நாலு நாள் ஓடிய வண்டி ராத்திரி வந்து நின்று
அஸ்ஸாமின் தூசியை நம் நடைமேடையில் உதறியது.
இறங்கியவர்கள் சூரியனுக்காகக் கூடத்தில் படுத்தார்கள்.
முப்பத்தெட்டு பேர், ஒரு கைக்குழந்தை.
வடக்கிலிருந்து வந்தும்
ஒருவர்கூட வடக்கே தலைவைக்கவில்லை.
தலைமாட்டில் கடல், அது தெரியாமலே.
பொன்னுலட்சுமி துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு
நாலே முக்கால் வரை உட்கார்ந்திருந்தார்.
'ஒறங்கட்டும். தரை எங்கயும் போவாதாக்கும்.'

போகும், ஐயா.
வரைபடத்தில் அந்தத் தரைக்குப் பெயர் வணிகப் பரப்பு.

மூன்றாம் நாள் வாசலில் நின்றேன்.
வெளியே வருகிறவர்கள் பை பிடித்த கையை மாற்றிக்கொண்டு
ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்.
சமுந்தர், சொமுத்ரோ, சமுத்ரம், கடல்.
மாலை வரை இருநூற்றுப் பதினொன்று.
அதற்குமேல் நோட்டில் இடமில்லை.
'மணம் பிடிச்சு நேரே போங்க' என்கிறார் ஆட்டோ ரீகன்,
சவாரி போனால் போகிறதென்று கையை நீட்டி.
அவர் கை நீளும் கோட்டில்தான்
நாலு மாடி வைத்திருக்கிறீர்கள்.
உச்சியில் ஃபைபரில் ஒரு கலங்கரை விளக்கம்.
அசல், நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

மாடியை மேற்கே தள்ளுங்கள்.
தள்ள முடியாதென்றால் நடுவில் பிளந்து விடுங்கள்,
இரண்டு குடும்பங்கள் சண்டையில்லாமல் எதிரெதிரே நடக்கும் அகலம் போதும்.
கார்கள் பின்னால் நிற்கட்டும்.
நிழலுக்குப் புன்னை வையுங்கள், உப்புக்காற்றைத் தாங்கும்.
அழகுக்கென்று நர்சரியில் விற்கும் அந்த மெலிந்த பனைகள் வேண்டாம்;
அவற்றின் நிழலில் ஒரு கோழி நிற்காது.

தண்டவாளம் முடிகிற இடத்தில்
துருவேறிய தடுப்புக்கட்டை ஒன்று இருக்கிறதே,
அதை மறைத்துப் பூந்தொட்டி வைக்காதீர்கள்.
ஒரு மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
அதைத் தொட்டுப் பார்த்தார்.
ஏன் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இந்தி வராது.

ஒரு திருத்தம் என்னுடையது.
முதல் குறிப்பில் நானே ஓட்டு முகப்பு கேட்டிருந்தேன்,
பத்மநாபபுரம் சாயலில், சிமெண்டில்.
அடித்துவிட்டேன்.
பத்மநாபபுரம் பத்மநாபபுரத்திலேயே இருக்கட்டும்.

நேற்று நேரில் கேட்டீர்கள்:
வாசலிலிருந்து கடலுக்கு வழி தெரிய வேண்டும் என்று
எந்த விதியில் இருக்கிறது?
எதிலும் இல்லை.
வடக்கே தலைவைக்கக் கூடாதென்பதும் எதிலும் இல்லை.

நீங்கள் சிரிக்கவில்லை.
தாளை ஒரு சுற்றுச் சுற்றி,
தேநீர்க் கோப்பையை நகர்த்தி,
'இதில் தெற்கு எந்தப் பக்கம்' என்றீர்கள்.
அப்போதுதான் பார்த்தேன்,
நானும் வடக்குக்கு மட்டுமே அம்பு போட்டிருக்கிறேன்.
இந்தப் பிரதியில் தெற்குக்கும் ஒன்று,
கொஞ்சம் பெரிதாக.