எழுபதாவது கிலோமீட்டர்

நான் ஓட்டுநர். தூரம் என்றால் எனக்கு டீசல்.
ஒரூரோவிலிருந்து இந்த மேட்டுப் பொட்டலுக்கு
எழுபது கிலோமீட்டர்,
ஒரு சோதனைச் சாவடி, இரண்டு பஞ்சர்.

நிக்கொலாசா கொல்கேயின் கிழங்குக் குழிக்குள்
ஃப்ராவ்கே ஒரு கருவியை இறக்கினாள்.
குழம்புச் சட்டி அளவுதான்.
தகரம் மூடி, தகரத்தின்மேல் கல்.
பூமியின் ஓடு இங்கே எவ்வளவு தடிப்பென்று
கேட்டுச் சொல்லுமாம்.
எங்கள் கூரைகளில் தகரம்தான்;
ஓடு காலடியில் இருக்கிறதாம்.

மூன்று மாதம் கேட்டது.
பாதி நேரம் லாமாக்கள் நடந்தன,
மீதி நேரம் காற்று.
பிறகு மெக்சிகோ பக்கம் எங்கோ மண் அதிர்ந்த இரவில்
ஓர் அலை வந்தது.
ஓட்டின் அடிவிளிம்பில் அதிலிருந்து பிரிந்து
நடை தளர்ந்த இன்னொன்று
எட்டு விநாடி பிந்தி வந்தது.
அந்த எட்டு விநாடிக்காகத்தான்
இத்தனை பஞ்சரும்.

எழுபது, என்றாள் ஃப்ராவ்கே.

எனக்கு உடனே பிடிபட்டது.
வந்த வழியை அப்படியே செங்குத்தாக நிறுத்தி
கிணறாக இறக்கினால்
சாவடிக்காரன், உப்பு லாரிகள், சோளப்பொரி விற்கிறவள்
எல்லாரும் உள்ளே போய்
ஒரூரோ பேருந்து நிலையத்தில்தான் ஓடு முடியும்.

கடலுக்கு அடியில்?
ஏழு.
ஏழா! என் மகள் பள்ளிக்கு நடக்கிற தூரம்.

கடலைப் பறிகொடுத்த நாடு எங்களுடையது.
வருடம் ஒருநாள் அதற்காக ஊர்வலம் போகிறோம்.
நானும் கடற்படையில் இரண்டு வருடம் இருந்தவன்,
ஏரியில்.
அவ்வளவு மெல்லிசான ஒன்றுக்கா
இவ்வளவு எக்காளம்?

நிக்கொலாசா கடலைப் பற்றிக் கேட்கவில்லை.
மகன் எலூதெரியோ
இக்கீக்கே துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறான்.
பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.
"அவன் நிற்கிற இடத்தில் எவ்வளவு?"
ஃப்ராவ்கே யோசித்தாள்.
இங்கிருப்பதில் பாதி. கொஞ்சம் மேலே இருக்கலாம்.

அவள் உள்ளே போனாள்.
ஒரு சாக்கு உலர்கிழங்கை இழுத்துவந்து
வண்டியில் ஏற்றினாள்.
"அந்தப் பக்கம் போகிற லாரியில் போட்டுவிடு.
பாதித் தரையில் நிற்கிறவன்
ஒரு நடைக்கு ஒரு மூட்டை தூக்கினால் போதும் என்று
சொல்லச் சொல்."

திரும்பும் வழியில்
சாக்கில் தலைவைத்து ஃப்ராவ்கே தூங்கிப்போனாள்.
அறுபத்தெட்டு.
அறுபத்தொன்பது.
என்னையறியாமல் கியரைக் குறைத்தேன்.

நிலையத்தில் இக்கீக்கே லாரி ஒன்று
எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தது.
இறங்கினேன்.
அதன் நடுக்கம்
செருப்பு வழியே ஏறியது.