பன்னிரண்டு பிரஷர்

ரூவியில் ஜூன் மாதம்.
மொட்டை மலைக்கே வேர்க்கிற மதியம்.
மருந்துக் கம்பெனி காலண்டரின் பின்பக்கத்தில்
டாக்டர் பத்ரியா என் வயிற்றை வரைந்தார்,
தொப்புளுக்கு ஒரு புள்ளி வைத்து.

முதல் வழியில் மூன்று துளை, ஒரு கேமரா.
அடிவயிற்றில் நாலு விரல் அகலம் வெட்டி
அது வழியே வெளியே எடுப்பது.
அடுத்ததில் வெட்டு கொஞ்சம் பெரிது.
டாக்டரின் ஒரு கை உள்ளேயே இருக்கும்.
"ரத்தம் வந்தால் விரலே அடைத்துவிடும்."
அந்தக் கையைப் பார்த்தேன்.
நகத்தோரம் பழைய மருதாணி.

முதுகுப் பக்கமாகவும் போகலாமாம், குடலைத் தொடாமல்.
"முன்வீட்டுக்காரர் அறியாதே
கொல்லை வழி வந்து போகிற மாதிரி"
என்றார் ஷைனி சிஸ்டர், மலையாளம் கலந்து.

அப்புறம் ரோபோ.
அதற்கு நாலு கை.
டாக்டர் மூலையில்
தையல் மெஷின் முன்னால் உட்காருவது போல் உட்காருவார்.
பில் மட்டும் எழுந்து நிற்கும்.

எது நல்லது என்றேன்.
"மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்
எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.
வித்தியாசம் வலியில் கொஞ்சம், நேரத்தில் கொஞ்சம்.
என் கைப்பழக்கத்தில் நிறைய."

செலஸ்டின் கேட்டது வேறு.
பதினேழு வருஷமாய் ஏசி மெக்கானிக்.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலி,
மீதி நாள் முடிந்தவரை ஏணி.
"வயிற்றுக்குள் கேஸ் அடிப்பீங்களே டாக்டர்,
என்ன கேஸ், எவ்வளவு பிரஷர்?"
"கார்பன் டை ஆக்சைடு. பன்னிரண்டு."
சிரித்தார்.
வீங்கிய இமையோடு, ஆறு மாதத்தில் முதல் தடவை.
"பன்னிரண்டா? என் கேஜில் முள்ளே அசையாது."
அது வேறு அளவு என்று டாக்டர் விளக்கியதை
அவர் காதில் வாங்கவில்லை.

எடுப்பது இடது பக்கம்.
அதற்குத்தான் குழாய் நீளமாம்.
"ஆமா, ஜாயின்ட் அடிக்க நீளம் வேணும்ல"
என்று எனக்கு விளக்கினார்,
சர்வீஸுக்குப் போன வீட்டில் சொல்வது போலவே.

நான் ஒன்றுதான் கேட்டேன்.
அந்த நாலு விரல் வெட்டை
பழைய தழும்பிலேயே போடலாமா?
பத்து வருஷம் முன் நாகர்கோவிலில்
ஆன்சியை எடுத்த தழும்பு.
டாக்டர் துணியை விலக்கி
ஜாக்கெட் துணி அளப்பது போல் விரலால் அளந்து
"தாராளம்" என்றார்.
முதல் வழி முடிவாயிற்று.

மகள் வந்த வாசல்தானே, தெரிந்த வாசல்.

வெட்டியெடுத்து ஐஸில் போடும் வரை
மூன்று நிமிஷம் ஆனதாம்.
அந்த மூன்று நிமிஷம் அது
என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை.
கண்விழித்தபோது வலித்தது தோள்.
வயிற்றில் வெட்டினால் தோளில் வலி.
மிச்சக் கேஸ் மேலே ஏறி நிற்கிறது என்றார்கள்.
லீக் டெஸ்ட் பண்ணினீங்களா என்று கேட்க வேண்டியவர்
இரண்டு மாடி மேலே, ஆண்கள் பக்கம்.

நாலாம் நாள் சக்கர நாற்காலியில் போனேன்.
என் வயிற்றில் மூன்று பிளாஸ்டர்,
ஒவ்வொன்றும் பைசா நாணயம் அளவு,
கீழே ஒரு கோடு.
அவர் போர்வையை விலக்கினார்.
இடுப்பெலும்பிலிருந்து அடிவயிறு வரை
என் சாண் கைக்கும் மேலே நீண்ட வெட்டு.
அவருக்கு யாரும் காலண்டரில் படம் வரையவில்லை.
எடுக்கத்தான் நாலு வழி.
வைக்க, இங்கே, ஒரே வழி. பழைய வழி.

"இதைச் சொல்லவே இல்லையே."
"நீ கேட்கலையே."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையைப் பார்த்தோம்.
இள மஞ்சள், சொட்டுச் சொட்டாய்.
"டிரெயின் லைன் கிளியர்" என்றார்.

எண்ணூற்று ஐம்பது மில்லி.
சிஸ்டர் குறித்துக்கொண்டார்,
அவர் பெயருக்கு நேரே.