மூன்றாவது அடி

காசிமேட்டு மீன்கடைகளில் காலையில்
தராசுக்கு முத்திரை பார்ப்பது என் சம்பளம்.
ஒரு கிலோவுக்கு இவ்வளவு பிசகலாம் என்று
அரசாங்கமே பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது.
உள்ளே இருந்தால் முத்திரை,
தாண்டினால் பறிமுதல்.
மாலை ஆறு மணிக்குத் தண்டையார்பேட்டை,
கார்ப்பரேஷன் திடல்,
சாம்பல் சட்டை, கழுத்தில் விசில்.
இங்கே பட்டியல் இல்லை.

பொய் சொல்லக்கூடாது, இருக்கிறது,
தடியாக ஒரு புத்தகம்.
கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்காதே.
ஐந்துக்குள் பந்தை உள்ளே போடு.
எட்டுக்குள் நடுக்கோட்டைத் தாண்டு.
எந்த மூன்று, யாருடைய ஐந்து என்பதை மட்டும்
அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.

தெசிந்தா கட்டத்துக்குள் ஐந்து நொடியாக நிற்கிறாள்,
பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு,
அவிழ்ந்த லேஸைப் பார்த்தபடி.
பூட்டிய கடை வாசலில் மாடு நிற்பதுபோல;
யாருக்கும் வழி மறிக்கவில்லை.
“வெளியே வா கண்ணு” என்கிறேன், உதடு அசையாமல்.
வந்துவிடுகிறாள்.
பாதி ஆட்டத்தை நான் ஓட்டுவது
புத்தகத்தில் இல்லாத இந்த ஒரு வரியில்தான்.

நிலவழகி அப்படியில்லை.
இடுப்பால் இடம் பிடித்து,
பின்னால் நிற்பவளின் மூச்சை அளந்து,
கையை உயர்த்திப் பந்து கேட்கிறாள்.
இரண்டே முக்காலில் ஊதினேன்.
“இன்னா மேடம், வாட்ச் ஃபாஸ்டா ஓடுதா?”
வேலிக்கு வெளியே ஒரு குரல்.
ஃபாஸ்ட்தான்.

தரையில் ஒரு விரிசல் உண்டு, இடது மூலையில்.
அங்கே பந்து சொல்பேச்சு கேட்காது.
அந்த ஒன்றரை அடிக்குள் உள்ளங்கை பந்துக்கு அடியில் போனால்
எனக்குக் கண் தெரியாது.
இரண்டு அணிக்கும் தெரியாது என்பதுதான் கணக்கு.
எல்லைக்கோடு யாரோ படகுக்கு அடித்து மிஞ்சிய நீலம்.
மிதித்தாளா, உரசினாளா?
பெயிண்டே நாலு விரல் நெளிந்து கிடக்கிறது.

போன சனிக்கிழமை, ஐம்பத்திரண்டு பத்தொன்பது.
இன்னும் ஒன்றரை நிமிடம்.
தோற்கிற பக்கம் பெஞ்சில் கடைசியாக இருந்தவளை இறக்கினார்கள்:
ஷமீமா, பதினாலாம் நம்பர்,
முட்டிவரை தொங்கும் யாருடையதோ ஜெர்சி.
பந்து முதல்முறையாக அவளிடம் வந்தது.
ஒன்று, இரண்டு,
பிறகு குட்டியாக ஒரு மூன்றாவது அடி,
வீட்டைப் பூட்டிவிட்டு
பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பதுபோல.
எறிந்தாள்.

நான் ஊதிவிட்டிருந்தேன்.
யோசிக்கவில்லை; வாய் ஊதியது.
அதே நேரம் கொருக்குப்பேட்டை பக்கம் போகும் கூட்ஸ் வண்டி
ஐம்பது பெட்டிகளோடு என் விசில்மேல் ஏறிப் போனது.
பந்து பலகையில் பட்டு, துருப்பிடித்த ரிங்கில் சுற்றி,
மீன்வலை நைலானில் பின்னிய வலைக்குள் இறங்கியது.
பெஞ்சு முழுக்கத் துள்ளியது.
ஸ்கோர் மேசை என்னைப் பார்த்தது.
பாதி உயர்ந்திருந்த கையை இறக்கி
மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.
இருபத்தொன்று என்று எழுதினார்கள்.

கூட நின்ற ரெஃப்ரி கிருபாகரன்
டீக்கடையில் கிளாஸைக் கழுவக் கொடுத்தபடி சொன்னார்:
“ட்ரெயின் போச்சு, இல்ல?”
“போச்சு” என்றேன்.

ஞாயிறு இறுதி ஆட்டம். ஒரு புள்ளி வித்தியாசம்.
ஒன்பது நொடி.
நிலவழகி உள்ளே திரும்பினாள்.
அதே அளவு, அதே குட்டி, மூன்றாவது அடி.
எதிரில் நின்ற பெண் அந்த அடியில்தான் தாண்டப்பட்டாள்.
தண்டவாளம் காலி.
ஊதினேன்.

பந்தைத் தரையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.
கத்தவில்லை.
“நேத்து அவளுக்கு விட்டீங்களே மேடம்.”
என்னிடம் பதில் இருந்தது.
சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் பிடிக்கும்.
கடிகாரத்தில் இருந்தது ஒன்பது நொடி.

திங்கட்கிழமை, காசிமேடு.
ஈரத் தட்டில் படிக்கல்லை வைத்தேன்.
முள் இடம் போனது, வலம் போனது.
கடைக்காரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆடி அடங்கட்டும் என்று நின்றேன்.
இங்கே நிற்கலாம்.