பதினொன்றாம் நாள், பாடாங் செராய்

நாற்பத்து நான்கு இருக்கைகளில்
நாற்பத்தொன்றைக் கழற்றி
குளுவாங் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம்.
மிஞ்சிய மூன்றில்
ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.
மூன்றாவதில்
வாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வருகிறது
பத்துக் கிலோ அரிசி.

அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி,
பச்சைப் பூப்போட்ட திரைச்சீலை.
இப்போது இது வீடு என்றார்.
பின்கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது
'தொழிலாளர் பேருந்து' என்ற மலாய் எழுத்து.
சுரண்டிப் பார்த்தேன், பாதிதான் வந்தது.

இருபத்தாறு வருஷம்
விடுதி வாசலில் இருந்து தொழிற்சாலை வாசலுக்கு.
மூன்று ஷிப்ட். அதே பத்து மைல்.
கூட்டிப் பார்த்தால் உலகத்தைப் பத்தொன்பது முறை
சுற்றியிருக்கிறார் என்று மருமகன் கணக்குப் போட்டான்.
மெர்சிங் கடலை அவர் பார்த்தது
போன வாரம்தான்.

பார்த்து,
"அலை சத்தம் இஞ்சின் சத்தம் மாதிரியே இருக்கு" என்றார்.
அவ்வளவுதான்.
குவாந்தானில் மழை. கோத்தா பாருவில் வயிற்றுக்கடுப்பு.
ஜெலி தாண்டி மலையேறும்போது
யானை படம் போட்ட பலகைக்கெல்லாம் வேகம் குறைத்தார்,
ஏறுவதற்கு யாரோ நிற்பதுபோல.

நேற்று இரவு இந்த ஊருக்கு வந்தபோது
பாசார் மாலாம் கலைந்துகொண்டிருந்தது.
கடைவரிசை முடிகிற இடத்திலேயே செம்பனை தொடங்கிவிடுகிறது.
ஆலையின் புளித்த வாடை.
ஒரு பஸ் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்திவிட்டு
"ஒரு ராத்திரிதானே" என்றார்.

ஐந்து பத்துக்குக் கதவில் இரண்டு தட்டு.

நான் எழுந்து விளக்கைத் தேடுவதற்குள்
சாரோங்கோடு போய் விசையை அழுத்திவிட்டார்.
உஸ் என்று திறந்தது கதவு.
நீலச் சீருடையில் ஒரு நேபாளப் பெண்,
பின்னால் இரண்டு பேர்,
கடைசியாக, ஈரத்தலையோடு ஒரு தமிழ்ப் பிள்ளை.
வாணலியைப் பார்த்தார்கள். கட்டிலைப் பார்த்தார்கள்.
என் நைட்டியைப் பார்த்தார்கள்.

"கிலாங்?" என்று கேட்டாள் முன்னால் நின்றவள்.
நான் வாயைத் திறக்குமுன்
"கிலாங்" என்றார் இவர்.

கட்டில் விளிம்பில் நால்வரும் வரிசையாக.
"எங்க பஸ் நேத்தும் வரல ஆண்ட்டி,
முன்னால இடது பக்கம், அங்கிள்."
அந்தப் பிள்ளை பெயர் கோமளேஸ்வரி.
கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.
வளைவில் ஒரு குவளை உருண்டது, யாரும் எடுக்கவில்லை.

"எங்க போறீங்க?"
"ஊர் சுத்த."
"எந்த ஊர?"
"எல்லாத்தையும்."
சிரித்தாள். "எனக்கு லீவு கொடுத்தா
நான் தூங்கத்தான் செய்வேன்."
அவள் சொல்லி முடிக்கும்போதே
தில்மாயா என் தலையணையில் தூங்கிப்போயிருந்தாள்.

காவலாளி கையசைத்து உள்ளே விட்டான்.
மஞ்சள் கோட்டில், ஒரு விரல் பிசகாமல்,
நிறுத்தினார்.
கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன்.
பதினோரு நாளாகக் கடலும் மலையும் காட்டியும்
எனக்குக் கொடுக்காத முகம்.
கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

இறங்கும்போது கோமளேஸ்வரி திரும்பி
"மூணு மணிக்கு வருவீங்களா?" என்றாள்,
விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாள்.

இன்றைக்குக் கங்கார் போயிருக்க வேண்டும்.
படத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டதே அவர்தான்.
மணி இரண்டு நாற்பது.
தொழிற்சாலை வாசலில், மழைமர நிழலில் நிற்கிறோம்.
இஞ்சின் ஓடுகிறது.
பேட்டரி ஏறட்டும் என்கிறார்.

தலையணையில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது,
அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம்
என்றேன் நான்.