கடைசி நூற்றுவர்

ரேஸ்கோர்ஸ் சாலைக் கட்டடம், நான்காம் மாடி.
கூட்டு விற்பனைக்குக் கையெழுத்து.
ஆட்களை எண்ணவில்லை,
சதுர அடிகளை எண்ணுகிறார்கள்.

என் மடியில் நூலகப் புத்தகம். தவணை தாண்டிவிட்டது.
பழைய ரோமில்
குதிரை உள்ளவர், முழுக்கவசம் உள்ளவர் முதலில்:
நூற்றுவர் குழுக்கள் பதினெட்டும் எண்பதும்.
மொத்தமே நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
அவர்கள் ஒத்துப்போனால் அதோடு சரி,
மற்றவர் கூப்பிடப்படாமலே கலைந்து போவார்கள்.
பிள்ளைகளைத் தவிர ஏதுமில்லாதவருக்கு,
எத்தனை ஆயிரம் பேரானாலும்,
கடைசியில் ஒரே ஒரு குழு.

தரைத்தளம் முழுக்க குவெக்குடையது.
எண்பது விழுக்காடு தாண்டியாயிற்று.
சாவி வெட்டும் என் கடை ஏழடி அகலம்;
முறை இன்னும் வரவில்லை.
ரவிக்கை தைக்கும் நூர்ஜமீலா
டிபன் பாக்ஸை மூடினாள், சத்தமாக.

அந்த ஜனங்கள் ஒருமுறை
கடன், போர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு
ஊருக்கு வெளியே குன்றில் போய் உட்கார்ந்தார்களாம்.
ஃபேபர் குன்றுக்குப் போகலாமா என்றேன்.
"கேபிள் கார் காசு யார் தருவா?"

இறங்கி வந்தபோது
அவர்களுக்காகப் பேசச் சிலர் இருந்தார்கள்.
இரவிலும் அவர்கள் வீட்டுக் கதவை
அடைக்கக் கூடாதென்று விதி.

முப்பது வருடம் பூட்டால் பிழைத்தவன் நான்.
அந்த வரியை
இரண்டு தடவை படித்தேன்.