ஜமாப்புக்கு முன்பணம்

எண்பத்தாறாவது நிமிடம் வரை
நாங்கள்தான் சாம்பியன்.
அதற்கு என்னிடம் ரசீது இருக்கிறது:
ஜமாப்புக்கு முன்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு,
மஞ்சள் துணி பதினோரு மீட்டர்,
பாலக்காட்டு ரோட்டு பேக்கரியில்
தேங்காய் பன் இருநூறு.
பி.காம். இரண்டாம் ஆண்டு, வசூல் நோட்டு என் கையில்.
வெற்றிக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தேன்,
தோல்விக்குப் பத்தி போட மறந்துவிட்டேன்.

முதல் கோலைப் பற்றி நான் பேசப்போவதில்லை.
இரண்டாவது, காற்று.
கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று
பொள்ளாச்சிக்குள் யாரையும் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை.
உடுமலைப் பையன் ஒருத்தன்
கார்னர் கொடி பக்கமிருந்து சும்மா தூக்கி அடித்தான்.
கோலுக்கென்று அடிக்கவில்லை, சத்தியமாக இல்லை.
பந்து பாதி வழியில் மனசு மாறி
மகுடீஸ்வரனின் விரல் நுனிக்கும் கம்பத்துக்கும் நடுவே
ஓர் ஓலைக்கீற்று நுழையுமளவு சந்து கண்டுபிடித்து
உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

விசில்.

அதன்பிறகு எல்லோருக்கும் நிறையத் தெரிந்திருந்தது.
சிபிக்கு, புதுக் கையுறைதான் ராசியில்லை என்று.
ஷர்மிளா பானுவுக்கு, அது ஆஃப்சைடு என்று.
கார்னர் பக்கமிருந்து வந்த பந்துக்கு
ஆஃப்சைடு எப்படி என்று கேட்டவனிடம்
மூன்று நாள் பேசமாட்டேன் என்றாள்.
ஆஸ்டல் வார்டன்
தான் கால்பந்தே பார்ப்பதில்லை என்றார்,
கண்ணைத் துடைத்துக்கொண்டே.
மகுடி மட்டும் எதுவும் சொல்லவில்லை.
கோலுக்குள் உட்கார்ந்து
வலையின் முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
யாராவது திட்டினால் தேவலை என்பதுபோல் முகம்.
யாரும் திட்டவில்லை.

"தம்பீ, சித்த இங்க வாங்க."
ஜமாப் ஆறுச்சாமி.
"உடுமலைக்காரங்க அடிக்கச் சொல்லிக் கேக்கறாங்க.
உங்ககிட்ட கை நீட்டி வாங்கியிருக்கறனுங்க,
நீங்க சொல்லாம ஒரு குச்சி மேல எந்திரிக்காது.
ஆனா பாருங்க,
கோமங்கலத்துல இருந்து எட்டுப் பேரு வந்திருக்கறோம்,
தோலு காஞ்சு நிக்குது."

திரும்பிப் பார்த்தேன்.
மஞ்சள் பூசிய அறுபது முகங்கள்
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.
வசூல் நோட்டில் இதற்கு வழியில்லை.
"அடிங்கண்ணா" என்றேன்.
குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது.
சட்டைப் பையிலிருந்து
என் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் ஐந்தையும்
எச்சில் தொடாமல் எண்ணிக் கொடுத்தார்.
அன்றைக்கு எங்களுக்கு வந்த ஒரே வரவு.

பிறகு அடித்தார்கள் பாருங்கள்.
படுபாவிகள், என்ன அடி!
எங்களுக்காகக் காய்ச்சி வைத்த மேளம்
எங்கள் மைதானத்தில்
எவனோ எட்டுப்போட்டு ஆடுவதற்காக அதிர்ந்தது.
உடுமலைக் கோச் வேட்டியை மடித்துக் கட்டினார்.
அந்த இரண்டாவது கோல் பையனுக்கு
ஆடவும் தெரியவில்லை,
அது கொஞ்சம் ஆறுதல்.

"உன்ற காலு ஆடுது" என்றாள் ஷர்மிளா.
குனிந்து பார்த்தேன்.
ஆடிக்கொண்டுதான் இருந்தது, வலது கால்,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.
"காத்து" என்றேன்.

ஆறு மணிக்கு பேக்கரி ஆம்னி வந்தது.
இருநூறு பன்,
திருப்பி எடுக்கமாட்டார், தெரிந்த விஷயம்தான்.
நாங்கள் தின்றது போக எழுபது மிச்சம்.
மேளம் ஓய்ந்து அவர்களும் பசியோடு நின்றார்கள்.
கொடுத்தோமா என்று கேட்காதீர்கள்.
சிபி அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு
வேறு பக்கம் பார்த்தான்.

மகுடி கையுறையைக் கழற்றாமலேயே
மூன்றாவது பன்னைத் தின்றுகொண்டிருந்தான்.
மாவு ஒட்டிய உதட்டோடு முதல்முறை வாய் திறந்தான்:
"அடுத்த வருசம் பைனல் எங்கடா?"
உடுமலையில் என்றேன்.
மென்றான். வெகுநேரம் மென்றான்.
"அங்க அவனுக
காத்தை நம்பித் தோட்டம் தோட்டமா
காத்தாடி நட்டு வெச்சிருக்கறானுக."